திருமலையில் இருந்துகொண்டு வியாபார நிர்வாகத்தில் கலாநிதிப் பட்டம்

திருகோணமலையில் எம்பிஏ முடித்தவர்களுக்கு இப்போது குறைவில்லை. வங்கிக் கிளை முகாமையாளர், திணைக்களக் கணக்காளர், தொழிற்சாலை ஒன்றின் மனிதவள அலுவலர், ஒரு காலத்தில் தொண்டு நிறுவனத்தில் திட்ட இணைப்பாளராக இருந்தவர் என்று எண்ணிக்கொண்டே போகலாம். இவர்களுடைய கைத்தொலைபேசிக்கு அடிக்கடி ஒரு விளம்பரம் வருகிறது. வேலையை விடத் தேவையில்லை, கொழும்புக்கு அலையத் தேவையில்லை, குறுகிய காலத்தில் டிபிஏ (வியாபார நிர்வாகக் கலாநிதிப் பட்டம்), பெயருக்கு முன்னால் ‘கலாநிதி’. தவணை முறையில் கட்டலாம், எம்பிஏ இல்லாவிட்டால் அனுபவத்தைக் காட்டினாலும் போதும் என்பதெல்லாம் கீழே சின்ன எழுத்தில் இருக்கும்.

விளம்பரத்தைப் பார்த்துவிட்டு விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது எவ்வளவு காசு என்று. அடுத்தது எத்தனை வருசம் என்று. எதை ஆராயப் போகிறோம் என்ற யோசனை கடைசியில்தான் வரும். பலருக்குப் பணம் கட்டி முடித்த பிறகு வரும். என்னைக் கேட்டால், இந்த வரிசைதான் பாதிப் பேரை நடுவழியில் நிறுத்திவிடுகிறது. ஆய்வுக் கேள்வி கையில் இருந்தால் எந்தப் பட்டம், எந்தப் பல்கலைக்கழகம், எத்தனை வருடம் என்பதற்கெல்லாம் அந்தக் கேள்வியே பதில் சொல்லிவிடும்.

பிஎச்டியும் டிபிஏயும்

வியாபாரத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக்கியதில் அமெரிக்கர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஹார்வர்ட் 1908ல் எம்பிஏ படிப்பைத் தொடங்கியது. 1920ல் சிகாகோ பல்கலைக்கழகம் வியாபாரத் துறையில் பிஎச்டி படிப்பைக் கொண்டுவந்தது. ஹார்வர்ட் வணிகப் பள்ளி தன் கலாநிதிப் பட்டத்துக்கு நீண்ட காலம் டிபிஏ என்றே பெயர் வைத்திருந்தது. பெயர்தான் அப்படி, உள்ளே நடந்தது முழுநேர ஆய்வு, வெளியே வந்தவர்களில் பெரும்பாலானோர் பேராசிரியர்களானார்கள். சில வருடங்களுக்கு முன்பு அவர்களே அந்தப் பெயரைக் கைவிட்டு பிஎச்டிக்கு மாறினார்கள்.

இன்று நமக்கு விளம்பரத்தில் வரும் டிபிஏ வேறு வழியில் வந்தது. 1990களில் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும், வேலையில் இருக்கும் மூத்த முகாமையாளர்களுக்கென்று பகுதிநேரத் தொழில்சார் கலாநிதிப் பட்டமாக அது பரவியது. பிஎச்டி மாணவர் துறையின் அறிவில் ஓர் இடைவெளியைத் தேடிப் போகிறார். டிபிஏ மாணவர் தொழிலில் தன்னைக் குடைந்துகொண்டிருக்கும் சிக்கலோடு வருகிறார். ஆனால் நல்ல பல்கலைக்கழகத்தில் இரண்டுக்கும் ஆய்வேடு உண்டு, வெளிப் பரீட்சகர் உண்டு, வைவா என்னும் வாய்மொழிப் பரீட்சை உண்டு. டிபிஏ என்றால் லேசான பிஎச்டி என்று நினைத்துக்கொண்டு சேர்பவர்கள் இரண்டாம் வருடத்தில் திண்டாடுவார்கள்.

இதை நிலாவெளியில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சுற்றுலாக் காலம் என்பது ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. ஒக்டோபரில் வாடைக்காற்றோடு மழை இறங்கிவிட்டால் புறாத்தீவுக்குப் போகும் போட்டுகளைக் கரையில் ஏற்றிவிடுவார்கள். தென்கரைக்கு அது நேர்மாறு. ஹிக்கடுவ, உனவட்டுன, வெலிகம எல்லாம் அப்போதுதான் களைகட்டும். அதனால் இங்கே மே மாதம் வேலை பழகிய பையன், வருட முடிவில் தெற்கே போய்விடுகிறான். சமையல்காரர் போய்விடுகிறார், வெள்ளைக்காரரிடம் நாலு வார்த்தை பேசத் தெரிந்த வரவேற்பாளர் போய்விடுகிறார். அடுத்த ஏப்ரலில் விடுதி உரிமையாளர் தொலைபேசியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்ப்பார். பாதிப் பேர் வருவார்கள், மீதிப் பேருக்குப் புதியவர்களைப் பிடித்துப் பழக்க வேண்டும். பழக்கி முடிக்கும்போது சீசன் பாதி போய்விடும்.

இந்த ஒரே சிக்கலை இரண்டு பேர் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

பிஎச்டி மாணவர், பருவகால வேலைவாய்ப்பு பற்றி உலகில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் தோண்டுவார். தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே எழுதப்படாமல் இருக்கும் எதிர்பார்ப்புகளை ‘உளவியல் ஒப்பந்தம்’ என்று ஒரு கோட்பாடு பேசுகிறது. ‘அடுத்த வருசமும் உனக்கு இடம் இருக்கு’ என்று முதலாளி வாயால் சொல்வது, திரும்பி வரும் முடிவை எவ்வளவு பாதிக்கிறது? சம்பளத்தைவிட அந்த வாக்குக்குக் கனம் கூடவா, குறைவா? கிழக்குக் கரையிலும் தென்கரையிலும் பல விடுதிகளில் ஒரே ஆட்களைத் தொடர்ந்து பார்த்து, அந்தக் கோட்பாடு இங்கே நிற்கிறதா, எங்கே உடைகிறது என்று காட்டினால் அவர் ஆய்வு நிறைவு.

டிபிஏ மாணவர் ஒருவேளை அந்த விடுதிகளில் ஒன்றின் முகாமையாளராகவே இருப்பார். அவர் இன்னொரு விதமாகப் போவார். இங்கே மூன்று விடுதிகளும் தென்கரையில் ஒரு ஹோட்டலும் சேர்ந்து ஆட்களை மாற்றிக்கொள்ள ஓர் ஏற்பாடு செய்து பார்ப்பார். வேலையில்லாத மாதங்களுக்கு ஒரு சிறு தொகையை முற்பணமாகக் கொடுத்துப் பார்ப்பார். யார் திரும்பி வந்தார்கள், யார் வரவில்லை, புதியவரைப் பழக்கும் செலவு எவ்வளவு குறைந்தது, ஏற்பாட்டில் எந்த இடத்தில் சண்டை வந்தது என்று எல்லாவற்றையும் பதிவு செய்வார். இதைச் செயல் ஆய்வு என்பார்கள். செய்து பார்த்ததை மட்டும் எழுதினால் அது திட்ட அறிக்கை ஆகிவிடும். ஏன் அப்படி நடந்தது என்பதற்கு அவரும் கோட்பாட்டிடம் போயே ஆக வேண்டும்.

இந்த டிபிஏ ஆய்வுக்குக் குறைந்தது இரண்டு சீசன் வேண்டும். ஏற்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று. அதற்கு முன் வாசிப்பும் முன்மொழிவும், அதன் பிறகு எழுத்தும். ‘18 மாதத்தில் டிபிஏ’ என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அந்தப் 18 மாதத்துக்குள் நிலாவெளியில் முழுதாக இரண்டு சீசனைப் பார்த்து, எழுதி, வைவாவும் கொடுத்து முடிக்க வழியில்லை. அப்படியானால் அவர்கள் ஆய்வு என்று எதைச் சொல்கிறார்கள்?

பழைய கணக்குகளை வைத்துச் செய்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், 2020 கொரோனா, 2022ல் எரிபொருள் வரிசையும் ரூபாய் வீழ்ச்சியும் என்று 2019 முதல் 2022 வரையான நான்கு வருடங்களும் சுற்றுலாவுக்கு வழக்கமான வருடங்களே அல்ல. அவற்றைச் சாதாரண வருடம்போல வைத்துச் சராசரி எடுத்தால், எந்தப் பரீட்சகரும் முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார். அதிர்ச்சியைத் தாங்கிய விடுதிகள் எப்படித் தாங்கின என்று கேட்டால் அதே வருடங்கள் பொன்னான தரவு. கேள்வியைப் பொறுத்தது.

எந்தப் படி, எந்த இடம்

இலங்கையில் எந்தத் தகைமை எந்தப் படியில் நிற்கிறது என்பதை இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பு சொல்கிறது. 2012ல் வந்து 2015ல் திருத்தப்பட்டது. மொத்தம் 12 மட்டங்கள். சாதாரண தரம் முதலாவது, உயர்தரம் இரண்டாவது. மூன்று வருடப் பட்டம் ஐந்தில், நான்கு வருடச் சிறப்புப் பட்டம் ஆறில். பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி ஒன்பதில். கணிசமான ஆய்வுப் பகுதியும் உள்ள முதுமாணி பத்தில். முதுதத்துவமாணி (எம்பில்) 11, கலாநிதி 12. பன்னிரண்டாவது மட்டத்துக்குக் குறைந்தது மூன்று வருட முழுநேர ஆய்வு, அல்லது அதற்கு ஈடான பகுதிநேர ஆய்வு எதிர்பார்க்கப்படுகிறது.

இதில் எம்பிஏகாரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையிலுள்ள கோடு. ஒன்பதாம் மட்டம் 30 திறமைப்புள்ளி, பத்தாம் மட்டம் 60. ஒரு புள்ளி என்பது 50 மணி நேரப் படிப்பு என்று கணக்கு. ஆய்வே செய்யாமல் எம்பிஏ எடுத்தவருக்குக் கலாநிதிப் பதிவு நேரே கிடைக்காமல் போகலாம். முதலில் முதுதத்துவமாணிக்குப் பதிந்து, வேலை திருப்தியாக இருந்தால் பிறகு கலாநிதிக்கு மாற்றிக்கொள்ளும் வழியைப் பல பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கின்றன. உங்கள் எம்பிஏ சான்றிதழோடு வந்த பாடப் பட்டியலை எடுத்து ஒருமுறை பாருங்கள்.

சரி, எங்கே போவது? நிலாவெளி கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. 2001ல் வளாகமானது. தொடர்பாடல் மற்றும் வியாபாரக் கற்கைகள் பீடம் அங்கேதான். கலாநிதிப் பதிவு வேறு எங்கே என்றாலும், இந்தப் பீடத்து விரிவுரையாளர்களோடு ஒரு மாலை பேசுவது பெரிய உதவி. அவர்களில் பலர் இந்தப் பாதையை அண்மையில் கடந்தவர்கள், சிலர் இப்போதும் நடந்துகொண்டிருப்பவர்கள். தாய்ப் பல்கலைக்கழகம் மட்டக்களப்பு வந்தாறுமூலையில். 2009ல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கம் போவதென்றால் படகுப்பாதைக்குக் காத்து நிற்க வேண்டும். இப்போது மூதூர், வெருகல், வாகரை வழியே ஏ15 வீதியில் காலை போய் மாலை வந்துவிடலாம்.

யாழ்ப்பாணம், ஒலுவில், மிகிந்தலையில் உள்ள பல்கலைக்கழகங்கள் எல்லாம் ஒரு நாள் பயணத்துக்குள். முகாமைத்துவ ஆய்வில் பழைய கை என்றால் கொழும்புப் பக்கம்தான்: ஸ்ரீ ஜயவர்த்தனபுர, கொழும்பு, களனிப் பல்கலைக்கழகங்கள், அத்தோடு 1986ல் ஜயவர்த்தனபுரவோடு இணைந்து தொடங்கிய பட்டப்பின்படிப்பு முகாமைத்துவ நிறுவகம். அங்கே வார இறுதி வகுப்பு என்றால் 260 கிலோமீற்றர். வெள்ளி இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறி, திங்கள் காலை நேரே அலுவலகத்துக்கு வரும் வாழ்க்கை. எம்பிஏக்கு அப்படி ஓடியவர்கள் நிறையப் பேர். கலாநிதிக்கு வகுப்பு குறைவு, ஆனால் வருடங்கள் கூட.

வெளிநாட்டுச் சந்தை

உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது கடினம், இழுபடும், மேற்பார்வையாளர் பதில் போட மாட்டார் என்ற குறைகளில் உண்மை இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் வெளிநாட்டு டிபிஏ முகவர்கள் கடை போட்டிருக்கிறார்கள். எல்லாரும் ஏமாற்றுக்காரர் அல்ல. ஆனால் சரக்கைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

ஒரு வகை, ‘மட்டம் 8 டிப்ளோமா’. இங்கிலாந்தில் பட்டமல்லாத தகைமைகளை ஒஃப்குவல் என்ற அமைப்பு ஒழுங்குபடுத்துகிறது. அங்கே எட்டாம் மட்டம் என்பது கலாநிதிப் படிப்பின் கடினத்துக்குச் சமமான மட்டம். அந்த மட்டத்தில் சில ஒப்படைகளை எழுதி டிப்ளோமா எடுக்கலாம். எடுத்தவருக்குக் கிடைப்பது டிப்ளோமா. அதை வைத்துக் கலாநிதி என்று போட முடியாது. பிறகு மூன்றாவது நாடு ஒன்றில் ஏதோ ஒரு நிறுவனம் அதை டிபிஏயாக உயர்த்தித் தரும் என்பார்கள். அது போக, நம் கட்டமைப்பில் எட்டாம் மட்டம் என்றால் பட்டப்பின் டிப்ளோமா. இரண்டு நாட்டு எட்டையும் ஒன்றாகக் குழப்பி விளம்பரம் செய்வதை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வகை, ஐரோப்பிய முகவரியோடு வரும் தனியார் வணிகப் பள்ளிகள். பிரான்சில் தேசியக் கலாநிதிப் பட்டத்தை வழங்க அரசின் அங்கீகாரம் வேண்டும். பல வணிகப் பள்ளிகள் தரும் டிபிஏ அந்தந்தப் பள்ளியின் சொந்தப் பட்டம். நல்ல பள்ளியென்றால் அதற்குத் தொழில் உலகில் மதிப்பு இருக்கலாம். ஆனால் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வகை சுத்தப் பொய். 2015ல் கராச்சியிலிருந்த அக்ஸாக்ட் நிறுவனத்தின் கதையை நியூயோர்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது நினைவிருக்கலாம். இல்லாத பல்கலைக்கழகங்களுக்கு அழகான இணையத்தளங்களைக் கட்டி, உலகம் முழுக்கப் பட்டம் விற்றார்கள். இதன் உள்ளூர்த் தம்பி, ஹோட்டல் மண்டபத்தில் பொன்னாடையோடு நடக்கும் கௌரவ கலாநிதி விழா. அதில் ஏமாறுகிறவர் யார், ஏமாற்றுகிறவர் யார் என்றே எனக்குச் சில வேளை புரிவதில்லை.

நாட்டின் மனநிலையும் மாறியிருக்கிறது. சபாநாயகர் அசோக ரன்வல, தன் கலாநிதிப் பட்டம் பற்றி எழுந்த சர்ச்சையால் 2024 டிசெம்பர் 13ல் பதவி விலகினார். அதற்குப் பிறகு ‘எங்கே எடுத்தது?’ என்று கேட்பது மரியாதைக் குறைவாகப் படுவதில்லை.

சோதித்துப் பார்க்க வழிகள் இருக்கின்றன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களைப் பார்க்கும்போது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தையும் சர்வதேசப் பல்கலைக்கழகங்களின் சங்கம் வைத்திருக்கும் பட்டியலையும் அடிப்படையாகக் கொள்கிறது. இரண்டையும் இணையத்தில் நீங்களே தேடலாம். பல்கலைக்கழகம் பட்டியலில் இருப்பது வேறு, உங்களுக்குக் கிடைக்கப்போகும் இந்தக் குறிப்பிட்ட பட்டம் முழுக் கலாநிதியாக ஏற்கப்படுவது வேறு என்பதை மறக்கக் கூடாது. இரண்டாவதை எழுத்தில் கேட்க வேண்டும். வணிகப் பள்ளி என்றால் ஏஏசிஎஸ்பி, ஈக்விஸ், ஆம்பா ஆகிய மூன்றில் ஒன்றின் தர அங்கீகாரமாவது உண்டா என்று பார்க்கலாம். ஆம்பா டிபிஏ படிப்புகளையும் தனியாகப் பரிசோதிக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்த சோதனை இன்னும் எளிது. முகவரிடம், ‘போன வருசம் முடித்த இரண்டு பேரின் ஆய்வேட்டைக் காட்டுங்கோ, பரீட்சகர் யார் என்றும் சொல்லுங்கோ’ என்று கேளுங்கள். உண்மையான பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகள் நூலகக் களஞ்சியத்தில் கிடக்கும். இந்தக் கேள்விக்குப் பிறகு அவர் கட்டணக் கழிவு பற்றிப் பேச ஆரம்பித்தால், எழுந்து வந்துவிடலாம்.

வினாக்கொத்து என்னும் வியாதி

நம் முகாமைத்துவ ஆய்வேடுகளில் பெரும்பங்கு ஒரே அச்சில் வார்த்தவை. ‘இதன் தாக்கம் அதன் மீது’ என்று ஒரு தலைப்பு, ஐந்து புள்ளி அளவுகோலில் நாற்பது கேள்வி, கூகுள் படிவம், எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருள், கேள்விகளின் நம்பகத்தைக் காட்டும் குரோன்பாக் அல்பா 0.7க்கு மேல், கருதுகோள் ஏற்கப்பட்டது. மாதிரி எண்ணிக்கைக்கு 1970ல் கிரெய்சியும் மோர்கனும் போட்ட அட்டவணை. நூறு பேர் உள்ள குழுவில் 80 பேர், ஆயிரத்தில் 278, பத்து இலட்சத்தில் 384. அந்த 384ஐப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும். அட்டவணையில் பிழையில்லை. ஆட்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தால்தான் அது செல்லும். வட்ஸ்அப் குழுவில் படிவத்தைப் போட்டு, நிரப்பிய நண்பர்களை எண்ணி 384 வந்ததும் நிறுத்துவதற்கும் அந்த அட்டவணைக்கும் தொடர்பே இல்லை.

களத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு கடைக்காரரிடம் வினாக்கொத்தை நீட்டினால், வியாபார நேரத்தில் அவர் சொல்வது, “தம்பி, எனக்கு இதெல்லாம் வாசிக்க நேரமில்ல, நீயே பாத்துப் போடன்.” கொஞ்சம் பொறுமையுள்ளவர் என்றால் மேலிருந்து கீழே எல்லாவற்றுக்கும் ‘உடன்படுகிறேன்’ போட்டுத் தருவார். அது உங்கள் மேலுள்ள அன்பு, தரவு அல்ல. போருக்குள்ளும் 2004 சுனாமிக்குப் பிறகும் இந்த மாவட்டத்துச் சனம் எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கிறது. நிரப்பி என்ன கிடைத்தது என்ற கேள்வி பலர் மனதில் இன்னும் இருக்கிறது. வருமானம் பற்றிக் கேட்டால் வரித் திணைக்களமோ என்ற பயம் வேறு.

வங்கியில் வேலை செய்பவர் தன் வங்கியையே ஆராய்ந்தால் இன்னொரு சிக்கல். கீழே வேலை செய்பவர்களிடம் ‘உங்கள் முகாமையாளரின் தலைமைத்துவம் எப்படி?’ என்று முகாமையாளரே படிவம் கொடுத்தால் என்ன பதில் வரும்? தரவுக்கான அனுமதிக் கடிதம் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து வர வேண்டும். அது வருவதற்குள் ஆறு மாதம் போகும். வந்தாலும் வாடிக்கையாளர் விபரத்தைத் தொட முடியாது. உள்ளே இருப்பவருக்குத் தெரிவது நிறைய, சொல்ல முடிவது கொஞ்சம். இதற்காகத்தான் நல்ல டிபிஏ படிப்புகளில், தன் நிறுவனத்தைத் தானே ஆராய்வது பற்றியும், ஒப்புதல் பெறுவது, பெயர் மறைப்பது பற்றியும் தனியாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆய்வு நெறிக் குழுவின் அனுமதி கிடைக்கும்வரை ஒருவரிடமும் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது.

திருமலையில் நல்ல தரவு வேறு இடத்தில் இருக்கிறது. கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு மீன் முதலாளியின் கணக்குக் கொப்பியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். படகுச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு வலைக்கும் இஞ்சினுக்கும் முற்பணம் கொடுத்திருப்பார். வட்டி என்று ஒரு வரியும் இருக்காது. அதற்குப் பதில் மீன் முழுவதும் அவருக்கே வர வேண்டும், சந்தை விலையைவிடக் கொஞ்சம் குறைத்துப் போடுவார். அந்த விலை வித்தியாசம்தான் வட்டி. கடன் அடைவதே இல்லை, அடைய வேண்டும் என்று இரு பக்கமும் அவசரப்படுவதும் இல்லை. ஏனென்றால் காற்று மாறி தொழில் படுத்த மாதத்தில் அரிசிக்குக் காசு தருபவர் அதே முதலாளி. வங்கியும் நுண்கடன் நிறுவனமும் ஏன் இவரை வெல்ல முடியவில்லை என்பதற்கு அந்தக் கொப்பி சொல்லும் பதிலை எந்த ஐந்து புள்ளி அளவுகோலும் சொல்லாது. அதைப் பார்க்கக் கிடைப்பவர், அந்த முதலாளியோடு பத்து வருடம் பழகிய வங்கி உத்தியோகத்தர். கொழும்பிலிருந்து வரும் ஆய்வாளருக்குத் தேநீர்தான் கிடைக்கும்.

பெரிய தொழில்களும் கண் முன்னால் நிற்கின்றன. சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99. 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக் கம்பனியான லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு. ஒரே வளாகத்தில் மூன்று விதமான உரிமை எப்படி முடிவெடுக்கிறது என்பது ஒருவரின் ஐந்து வருட வேலைக்குக் காணும். 1980ல் தொடங்கிய பிரிமா மாவாலை, டோக்கியோ சீமெந்து, புல்மோட்டைக் கனிய மணல், 1990களில் மூடிய பிறகு எழும்பாமல் கிடக்கும் கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை என்று ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி இருக்கிறது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, ‘ஊழியர் திருப்தி செயற்றிறனில் செலுத்தும் தாக்கம்’ என்று இன்னொரு ஆய்வேடு எழுதுவது எனக்கு வயிற்றெரிச்சல்.

யாருக்கு இது தேவை

பல்கலைக்கழக விரிவுரையாளர் என்றால் கேள்வியே இல்லை. பதவி நிலைக்கவும் உயரவும் பட்டப்பின் ஆய்வுப் பட்டம் வேண்டும். அவர்கள் பிஎச்டிக்கே போவது நல்லது. வங்கியிலும் தனியார் துறையிலும் கலாநிதிப் பட்டம் இல்லாததால் பதவியுயர்வு தவறியது என்பது அபூர்வம். எம்பிஏ தந்த அளவு பலனைக்கூட அது தராமல் போகலாம். ஆலோசகராகவோ வருகைதரு விரிவுரையாளராகவோ போகும் எண்ணம் இருந்தால் உதவும். ஓய்வுக்கு ஐந்தாறு வருடம் இருக்கும் ஒருவர், முப்பது வருடமாகத் தன்னைக் குடைந்த ஒரு விஷயத்தை ஒழுங்காக எழுதிவிட்டுப் போக வேண்டும் என்று சேர்ந்தால், பதவியும் சம்பளமும் அவருக்கு ஒரு பொருட்டல்ல. இந்த ரகத்தினரிடமிருந்து நல்ல டிபிஏ ஆய்வேடு வரும் என்று நான் நம்புகிறேன். வெறும் பட்டத்துக்காக என்றால், அதுவும் ஒரு ஆசைதான், ஆனால் ஐந்து வருட ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குக் கொடுக்க வேண்டியிருக்கும். பிள்ளைக்கு உயர்தரப் பரீட்சை வரும் வருடத்தோடு இது மோதுமா என்று வீட்டில் பேசிவிட்டுச் சேர்ந்தவர்கள் கொஞ்சம் நிம்மதியாக முடிக்கிறார்கள்.

எழுதித் தருகிறோம் என்பவர்களும் ஊரில் உண்டு. ஒப்புமை சோதிக்கும் மென்பொருளைத் தாண்டினாலும் வைவா என்று ஒன்று இருக்கிறது. இந்த முறையை ஏன் எடுத்தீர்கள் என்ற முதல் கேள்வியிலேயே வாடகை எழுத்து விழுந்துவிடும். காசு வாங்கிக்கொண்டு இரண்டு வாரத்தில் கட்டுரை போடும் ஆய்விதழ்களும் அதே ரகம். ஜெஃப்ரி பீல் என்ற அமெரிக்க நூலகர் அவற்றைப் பட்டியல் போட்டு வந்தார். 2017ல் அந்தப் பட்டியல் நின்றுவிட்டது, இதழ்கள் நிற்கவில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் உள்ள கட்டணத்தை மட்டும் பார்க்கக் கூடாது. வருடாந்தப் பதிவுக் கட்டணம், பரீட்சகர் கட்டணம், நீடிப்புக் கட்டணம், ஆங்கிலத் திருத்தம், மென்பொருள், மாநாட்டுப் பயணம் எல்லாம் தனி. வெளிநாட்டு நாணயத்தில் கட்டுவதென்றால் 2022ல் என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். பாதிப் படிப்பில் கட்டணம் ரூபாயில் ஏறக்குறைய இரட்டிப்பான வருடம் அது.

மேற்பார்வையாளரைப் பிடிப்பதற்கு ‘ஐயா, எனக்கு டிபிஏ செய்ய விருப்பம்’ என்று எழுதும் மின்னஞ்சலுக்குப் பதில் வராது. இரண்டு பக்கம் எழுதுங்கள். சிக்கல் என்ன, அது யாரைப் பாதிக்கிறது, அந்தப் பேராசிரியர் எழுதிய எந்தக் கட்டுரை அதைத் தொடுகிறது, உங்களுக்கு எந்தத் தரவு கிடைக்கும், அனுமதியை யார் தருவார். இவ்வளவும் இருந்தால் பதில் வரும். மறுப்பாக இருந்தாலும் இன்னொருவரின் பெயரோடு வரும்.

கடைசியாக நாட்காட்டி. சுற்றுலாவையோ கரைவலையையோ தொடும் கேள்வி என்றால், பதிவு மாதம் முக்கியம். கடற்கரை அடங்கியிருக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரை வாசிப்பும் முன்மொழிவும், மார்ச்சுக்குள் நெறிக் குழுவின் அனுமதி, மே மாதம் களம் என்று போட்டால் முதல் சீசன் கைக்கு வரும். ஜூனில் பதிந்தால் அனுமதி வருவதற்குள் சீசன் முடிந்துவிடும், அடுத்த மே வரை காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வருடப் பதிவுக் கட்டணத்தையும் தொடக்கத்திலேயே செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.